வெற்று வரி எந்தப் படிக்குச் சொந்தம்?

தோட்டத்தில் பிறந்தவர்களிடம் "நீங்க எங்க?" என்று கேட்டால் பதில் ஒரே சொல்லில் முடியாது. முதலில் தோட்டத்தின் பெயர் வரும். பிறகு எந்த டிவிஷன், எந்த லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), அதற்கும் மேலே போய் "குழாயடிக்குப் பக்கத்து வீடு" என்பது வரை சொன்னால்தான் கேட்டவருக்கு ஆள் பிடிபடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டமொன்றின் பழைய குடியிருப்பாளர்களுக்காக ஒரு மலர் தயாராகிறது. அதன் பெயர்ப் பட்டியலை ஒழுங்குபடுத்தும் வேலை என்னுடையது. தோட்டம், டிவிஷன், லயம், வீடு, வீட்டுக்குள் பெயர்கள் என்று அது அடுக்கடுக்காக இறங்கும். அந்த ஒரே பட்டியல் மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: அச்சகத்துக்கு வேர்டு கோப்பாக, எல்லாரும் திருத்தும்படி ஒரு விக்கிப் பக்கமாக, கைபேசியில் பார்க்க ஒரு வலைப்பக்கமாக. மூன்றுக்கும் மூலமாக நான் வைத்திருப்பது மார்க்டவுன் கோப்பு, அதாவது கோடு, நட்சத்திரம் போன்ற எளிய குறிகளோடு எழுதும் வெறும் உரை.

இப்படி ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எழுத்துரு மாறலாம், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். அதெல்லாம் கண்ணில் படும், புரூப் பார்க்கும்போதே பிடித்துவிடலாம். கண்ணில் படாமல் பட்டியலின் பொருளையே மாற்றிவிடக்கூடியது வெற்று வரி. அடுக்குப் பட்டியலைக் கையாளும் எவரும் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் எளிது. பட்டியலில் ஒரு வரி எத்தனையாவது அடுக்கில் நிற்கிறது என்பதை அதன் முன்னால் உள்ள உள்தள்ளல் சொல்கிறது, அல்லது நட்சத்திரங்களின் எண்ணிக்கை சொல்கிறது. வெற்று வரிக்கு முன்னால் எதுவும் இல்லை. ஆகவே அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இதைப் பாருங்கள்:

- முதல் டிவிஷன்
  - லயம் 1
    - வீடு 1
    - வீடு 2

  - லயம் 2
    - வீடு 1

- இரண்டாம் டிவிஷன்
  - லயம் 1

இங்கே இரண்டு வெற்று வரிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவது வீடு 2 முடிந்ததைச் சொல்கிறதா, லயம் 1 முடிந்ததைச் சொல்கிறதா? எழுதியவர் லயத்துக்கு லயம் இடைவெளி விட நினைத்திருப்பார் என்று நாம் ஊகிக்கிறோம். நிரலுக்கு ஊகம் கிடையாது, விதிதான் உண்டு. அந்த விதி வடிவத்துக்கு வடிவம் வேறு.

மார்க்டவுனை ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்டபோது, பட்டியலின் உருப்படிகளுக்கு நடுவே வெற்று வரி இருந்தால் அவற்றைப் பத்திகளாகச் சுற்றித் தருவதாக மட்டும் சொல்லி வைத்தார். சில உருப்படிகளுக்கு நடுவே இருந்து சிலவற்றுக்கு நடுவே இல்லையென்றால் என்ன, உள் அடுக்கில் இருந்தால் என்ன என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு நிரலும் தனக்குத் தோன்றிய பதிலை எழுதிக்கொண்டது. மார்க்டவுனுக்கு ஒரு பொது விதிநூலாக 2014-இல் வந்த காமன்மார்க்தான் இதைத் தெளிவாக்கியது. அது பட்டியல்களை நெருக்கமானவை, தளர்வானவை என்று இரண்டாகப் பிரிக்கிறது. எந்த இரண்டு உருப்படிகளுக்கு நடுவே வெற்று வரி இருந்தாலும் முழுப் பட்டியலும் தளர்வானது. ஓர் உருப்படிக்குள் நேரடியாக இருக்கும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே வெற்று வரி இருந்தாலும் அப்படியே. தளர்வான பட்டியலில் ஒவ்வொரு உருப்படியும் பத்தியாகும், மேலும் கீழும் இடம் விட்டு நிற்கும்.

மேலே உள்ள எடுத்துக்காட்டுக்கு இந்த விதியைப் பொருத்துவோம். முதல் வெற்று வரிக்கு அடுத்த வரி லயம் 2. ஆகவே அந்த வெற்று வரி லயங்களின் பட்டியலுக்குச் சொந்தம், அந்தப் பட்டியல் தளர்வாகிறது. வீடுகளின் பட்டியல் நெருக்கமாகவே இருக்கும். இரண்டாவது வெற்று வரிக்கு அடுத்து வருவது இரண்டாம் டிவிஷன், ஆகவே டிவிஷன் பட்டியலும் தளர்வு. வெற்று வரி எந்த அடுக்குக்குச் சொந்தம் என்பதை அதற்குப் பின்னால் வரும் வரிதான் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் டிவிஷனின் கீழே உள்ள லயப் பட்டியலில் வெற்று வரியே இல்லை, அது நெருக்கமாக வரும். ஒரே பக்கத்தில் ஒரு டிவிஷனின் லயங்கள் இடம் விட்டும் இன்னொரு டிவிஷனின் லயங்கள் ஒட்டியும் நிற்கும். படிக்கிறவர் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று நினைப்பார். இருபது லயம் உள்ள பட்டியலில் எங்கோ ஓரிடத்தில் கைதவறி எண்டர் தட்டினால் இருபதும் தளர்ந்துவிடும் என்பதும் இதிலிருந்தே வருவது.

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் இதற்கு நேர் எதிர். பைத்தான் உலகத்தில் ஆவணங்கள் எழுதப் பயன்படும் அந்த வடிவத்தில் உள் பட்டியலுக்கு முன்னும் பின்னும் வெற்று வரி கட்டாயம். விட்டுவிட்டால் விளைவு விசித்திரமானது. தாய் வரியின் எழுத்துக்கு நேராக உள் பட்டியலை வைத்தால் கோடும் எழுத்துமாக எல்லாம் தாய் வரியோடு ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். அதைவிட உள்ளே தள்ளி வைத்தால் தாய் வரியை ஒரு சொல்லாகவும் உள் பட்டியலை அதன் விளக்கமாகவும் எடுத்துக்கொண்டு அகராதி மாதிரி அடுக்கிவிடும். ஆனால் அங்கே வெற்று வரிக்குத் தளர்வு என்ற பொருள் கிடையாது. அதன் சொந்தக் கருவியான டாக்யூட்டில்ஸ், உருப்படிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் இடைவெளியைக் குறைக்கிறது. அதனால், கட்டாயத்துக்கு வைத்த அந்த வெற்று வரிகளைக் குறி மட்டும் மாற்றி மார்க்டவுனுக்குக் கொண்டுவந்தால், அங்கே அவை புதிதாக ஒரு பொருள் பேச ஆரம்பிக்கும். பிள்ளைப் பட்டியல் உள்ள ஒவ்வோர் அடுக்கும் தளர்ந்து, கடைசி அடுக்கு மட்டும் நெருக்கமாக இருக்கும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் அடுக்கை நட்சத்திரங்கள் சொல்கின்றன: டிவிஷனுக்கு ஒன்று, லயத்துக்கு இரண்டு, வீட்டுக்கு மூன்று. அங்கே ஒரு வெற்று வரி வந்தால் திறந்திருக்கும் எல்லா அடுக்கும் ஒரேயடியாக மூடப்படும். அடுத்து மூன்று நட்சத்திரத்தோடு ஒரு வீடு வந்தால் அது தாயில்லாத மூன்றாம் அடுக்காக, புதிய பட்டியலாகத் தொடங்கும். நட்சத்திரத்துக்குப் பதில் எண்ணிட்ட பட்டியலாக இருந்தால் எண் மறுபடி 1-இலிருந்து ஆரம்பிக்கும். கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பட்டியலாகவே வாசிக்கும். விக்கியில் அழகுக்காக வெற்று வரி விடுவது நல்ல பழக்கமே அல்ல.

ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில் குறிப்புகள் எழுதப் பயன்படும் ஆர்க்-மோடில் ஒரு வெற்று வரி பட்டியலை முடிக்காது, அடுத்தடுத்து இரண்டு வந்தால் முடித்துவிடும். காமன்மார்க்கிலும் ஆரம்பத்தில் இந்த இரட்டை வரி விதி இருந்தது, 2016-இல் எடுத்துவிட்டார்கள். மார்க்டவுன் போன்ற இன்னொரு உரை வடிவமான ஆஸ்கிடாக்கில் உருப்படிகளுக்கு நடுவே உள்ள வெற்று வரிக்கு எந்தப் பொருளும் இல்லை. உருப்படியோடு இன்னொரு பத்தியைச் சேர்க்க வேண்டுமானால் நடுவே கூட்டல் குறி மட்டும் உள்ள ஒரு வரி வைக்க வேண்டும். இந்த ஆஸ்கிடாக் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு குறி வேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

வேர்டு கதை வேறு. அந்தக் கோப்புக்குள் பட்டியல் என்ற பெட்டியே கிடையாது. ஒவ்வொரு பத்தியும் தான் எந்தப் பட்டியல், எத்தனையாவது மட்டம் என்று தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது. மட்டங்கள் ஒன்பது வரை. இடைவெளி என்பது பத்தியின் பாணியில் உள்ள ஓர் அளவு. ஆனால் வேர்டில் தட்டுகிறவர்கள் இடைவெளி வேண்டும் என்றால் பாணிக்குப் போவதில்லை, எண்டரைத் தட்டுகிறார்கள். அப்படிப் பிறக்கும் காலிப் பத்திதான் எங்கள் மலரில் பெரிய சிக்கலாக வந்தது.

பட்டியலின் மூலம் ஒரு நோட்டுப்புத்தகம். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் பேர் வாசித்த காலத்து நினைவிலிருந்தும் தன்னிடம் இருந்த பழைய குறிப்புகளிலிருந்தும் எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருடைய பேத்தி அதைப் பார்த்து வேர்டில் தட்டினாள், நோட்டில் எங்கே வரி காலியாக இருந்ததோ அங்கே அவளும் ஒரு வரி காலியாக விட்டாள். உண்மையாகச் செய்த வேலை. அந்தக் கோப்பைப் பாண்டாக் என்ற வடிவமாற்றி கொண்டு மார்க்டவுனாக மாற்றினேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருந்துகொண்டே ஜான் மேக்ஃபார்லேன் 2006-இல் எழுதி வெளியிட்ட கருவி அது, காமன்மார்க் விதிநூலிலும் அவருடைய கைதான் பெரிது. வேர்டு கோப்பில் உள்ள காலிப் பத்திகளைப் பாண்டாக் இயல்பாகவே விட்டுவிடும். இது அதன் கையேட்டில் உள்ள நடத்தைதான். வேண்டுமென்றால் காலிப் பத்திகளை வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு நீட்டிப்பும் உண்டு. பெரும்பாலான கோப்புகளில் காலிப் பத்தி வெறும் அலங்காரம்தான் என்பதால் இயல்புநிலை சரியானதுதான்.

கிராணி ஐயாவின் நோட்டில் அது அலங்காரம் அல்ல. புரூப்பைக் கையில் வாங்கிப் பார்த்த ஓர் அக்கா, அந்த லயத்திலேயே வளர்ந்தவர், வீடு 11-இல் விரலை வைத்தார்.

"தம்பி, இதுல உள்ளவங்க எல்லாம் ஒரு குடும்பம் இல்ல. ரெண்டு குடும்பம். நடுவுல தட்டி வச்சு மறைச்சிருந்தாங்க. இந்த அம்மா அந்த வீட்டு மருமக இல்லப்பா, தனியா மூணு பிள்ளைய வச்சிக்கிட்டு இருந்தாங்க."

நோட்டைத் திறந்து பார்த்தால், வீடு 11-இன் பெயர்களுக்கு நடுவே ஒரு வரி காலி. அந்த ஒரு வரிதான் அந்தத் தட்டி. அது போனதும், கணவனை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண் பக்கத்துக் குடும்பத்தின் மருமகளாகிவிட்டார். பால்மரம் வெட்டி அந்தப் பிள்ளைகளை வளர்த்தவரின் பெயர் அச்சில் வரப்போவது அநேகமாக இந்த ஒரு மலரில்தான். அதில் தவறாக வரக் கூடாது.

நோட்டை எடுத்துக்கொண்டு ஐயாவிடமே போனேன். ஒவ்வொரு காலி வரியையும் காட்டி இது என்ன என்று கேட்டேன். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. சில இடத்தில் குடும்பம் மாறுகிறது. சில இடத்தில், "அந்த வீடு அப்ப காலி, தம்பி. ஆள் வரும்னு எடம் விட்டு வச்சேன்." சில இடத்தில் லயம் முடிகிறது, அங்கே இரண்டு வரி விட்டிருந்தார். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பக்கம் முடியப்போகிறது என்று சும்மா விட்டது. ஒரே காலி வரிக்கு நான்கு பொருள். அவருடைய முறையில் குழப்பமே இல்லை, நோட்டு அவர் கையில் இருக்கும்வரை. கையை விட்டு வெளியே போகும்போதுதான் பொருளைச் சொல்ல ஒருவரும் கூட இல்லை.

காலி வீட்டில் இன்னொரு கண்ணியும் இருந்தது. பேத்தி வீட்டு எண்களைப் பட்டியல் எண்களாகவே போட்டிருந்தாள்: 4, 5, பிறகு காலி, பிறகு 7. மார்க்டவுனில் எண்ணிட்ட பட்டியலின் முதல் எண் மட்டும்தான் கணக்கில் வரும், அதற்குப் பிந்திய எண்களை அது பொருட்படுத்தாது. 4-இல் தொடங்கினால் 5, 6 என்று தானே எண்ணிக்கொண்டு போகும். ஆறாம் வீடு காலி என்பது மறைந்து, ஏழாம் வீட்டுக்காரர் ஆறாம் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிடுவார். அவருக்குக் கீழே உள்ள எல்லாரும் ஒரு கதவு மேலே போவார்கள். அது கதவில் எழுதியிருந்த எண், வரிசை எண் அல்ல. அதனால் எண்ணை எழுத்தாகவே, "வீடு 7" என்று உருப்படிக்குள் எழுத வேண்டும்.

எண்ணிட்ட பட்டியலை அடுக்குவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. காமன்மார்க்கில் பிள்ளை வரி, தாய் வரியின் எழுத்து தொடங்கும் இடம் வரையாவது உள்ளே வர வேண்டும். "9." என்றால் அது மூன்று இடைவெளி. "10." என்றால் நான்கு. ஒன்பது வரை ஒழுங்காக இருந்த பட்டியல் பத்தாவதில் உடைவது இதனால்தான்: மூன்று இடைவெளியில் நிற்கும் பிள்ளை வரி தாயை விட்டு வெளியே வந்து, வெளி அடுக்கில் புதிய பட்டியலாகிவிடும். பைத்தான்-மார்க்டவுன் போன்றவை ஒவ்வோர் அடுக்குக்கும் நான்கு இடைவெளி கேட்கும் பழைய மரபிலேயே இருக்கின்றன. நான் கோப்பு முழுவதும் நான்கு இடைவெளியையே வைத்து, கோட்டுக்குப் பின்னால் மூன்று இடம் விட்டு எழுதுகிறேன். இரண்டு தரப்பும் அதை ஏற்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று தனியாக இருக்கிறது. பழைய எழுத்துரு மாற்றிகளும் சில விசைப்பலகைகளும் கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத இணைப்பு நீக்கி எழுத்தைத் தமிழ் உரைக்குள் விட்டுவிடுகின்றன. வேர்டிலிருந்தும் வலைப்பக்கங்களிலிருந்தும் நகல் எடுத்தால், சாதாரண இடைவெளி போலவே தெரியும் பிரியா இடைவெளி என்ற வேறோர் எழுத்து வந்து சேரும். காமன்மார்க் விதிப்படி, எதுவுமே இல்லாத வரியும், சாதாரண இடைவெளியும் தாவலும் மட்டும் உள்ள வரியும்தான் வெற்று வரி. இந்த மறைந்த எழுத்துகளில் ஒன்று இருந்தாலும் அது வெற்று வரி அல்ல. திரையில் காலியாகத் தெரியும், நிரலோ அதை முந்தைய பத்தியின் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும். "வெற்று வரி விட்டேனே, ஏன் பத்தி பிரியவில்லை" என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் தேடச் சொல்வேன். மாற்றத்துக்கு முன்பே இந்த இரண்டு எழுத்துகளையும் தேடிக் களைந்துவிடுவது நல்லது. இணைப்பு நீக்கி உண்மையிலேயே தேவைப்படும் சொற்கள் சில உண்டு, அவற்றை விட்டுவிட்டு, வரி முழுவதும் காலியாகத் தெரியும் இடங்களில் மட்டும் நீக்கினால் போதும்.

மாற்றிய பிறகு சோதிக்க நான் நம்புவது பாண்டாக்கின் உள்மரம். எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அது முதலில் ஒரு கிளை மரமாக்கி, அதிலிருந்துதான் அடுத்த வடிவத்தை எழுதுகிறது. அந்த மரத்தை அப்படியே அச்சிட்டுப் பார்க்க வழி உண்டு. அங்கே வெற்று வரி என்று ஒன்றே இல்லை. பட்டியல் உருப்படி வெறும் உரையா, பத்தியா என்ற ஒரே வேறுபாடாக அது சுருங்கிவிடுகிறது. கிராணி ஐயாவின் நான்கு பொருளில் எதற்கும் அங்கே இடமில்லை. இதைப் பார்த்த பிறகு வெற்று வரியில் பொருளை ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நோட்டின் நான்கு காலிகளுக்கும் நான்கு வழி செய்தோம். குடும்பம் மாறும் இடத்தில் வீட்டின் கீழே "முதல் குடும்பம்", "இரண்டாம் குடும்பம்" என்று தனி அடுக்கு வந்தது. காலி வீட்டுக்கு "வீடு 6: காலி" என்று ஒரு முழு உருப்படி. லயம் முடிவதை அடுத்த லயத்தின் தலைப்பே சொல்கிறது. பக்க முடிவில் சும்மா விட்டவற்றை எடுத்துவிட்டோம். இப்போது மூலக் கோப்பில் பட்டியலுக்குள் வெற்று வரியே கிடையாது. அச்சில் லயத்துக்கு லயம் இடம் வேண்டும் என்றால் அதை வேர்டின் பாணி பார்த்துக்கொள்ளும், வலைப்பக்கத்தில் அதன் தோற்றத்தை வகுக்கும் நடைதாள் பார்த்துக்கொள்ளும்.

எல்லாருக்கும் இப்படி முழுவதும் எடுத்துவிட முடியாது. ஓர் உருப்படிக்குள் இரண்டு பத்தி இருந்தால் வெற்று வரி வேண்டியே ஆகும். எங்கள் மலரிலும் சில வீடுகளின் கீழே அந்தக் குடும்பத்தைப் பற்றி இரண்டு மூன்று பத்திகள் உண்டு. அவற்றைப் பட்டியலை விட்டு வெளியே எடுத்துத் தனிக் கட்டுரைகளாக்கினேன். விட்டிருந்தால் விக்கிக்கு மாற்றும்போது பாண்டாக் அந்தப் பட்டியலை நட்சத்திரங்களில் எழுத முடியாமல் வலைப்பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். குறிகளாகவே கொட்டியிருக்கும். விக்கிப் பக்கத்தைத் திருத்த வரும் பெரியவர்கள் அந்தக் குறிகளைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார்கள்.

இன்னும் தீராத ஓர் இடம், பிரிந்துபோன டிவிஷன்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில் எத்தனையோ டிவிஷன்கள் தனித் தோட்டங்களாயின. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்களின் சொந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்க. பட்டியலில் இது ஒரு கிளையை ஓர் அடுக்கு மேலே தூக்கும் வேலையாக வருகிறது. ஒவ்வொரு வரியின் முன்னாலும் நான்கு இடைவெளியைக் கழித்தால் கிளை மேலே வந்துவிடும். வெற்று வரியில் கழிக்க ஒன்றும் இல்லை, ஆனால் அதன் பின்னால் உள்ள வரி அடுக்கு மாறிவிட்டதால், கிளைக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்திருந்தால் அதுவும் சத்தமில்லாமல் மேல் அடுக்குக்குச் சொந்தமாகி அங்கே உள்ள முழுப் பட்டியலையும் தளர்த்திவிடும். ஆகவே கிளையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் மார்க்டவுனின் மரத்தையும், விக்கிக்கு மாற்றி மறுபடி படித்த மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அடுக்கில் எத்தனை உருப்படி என்று எண்ணுகிறேன். உரையா பத்தியா என்பதை ஒப்பிட்டுப் பயனில்லை, விக்கியில் அதற்கு இடமில்லை. எண்ணிக்கை ஒத்துப்போனால் கோப்பு அச்சகத்துக்குப் போகும்.